மழை விட்டதும் பந்து எழும்!
கூடைப்பந்துப் பருவத்தை எதிர்நோக்கும் செம்பூர்க் கல்லூரி மாணவர்கள்

செம்பூரில் மழை ஒரு மணி நேரம் விட்டால் போதும். துடைப்பமும் கோணிச் சாக்குமாகக் கல்லூரி மாணவர்கள் மைதானத்துக்கு வந்து விடுவார்கள். சிமெண்டுத் தரையில் தேங்கிய தண்ணீரை ஒருவன் தள்ளுவான். இன்னொருவன் சாக்கைப் போட்டு ஈரத்தை ஒற்றி எடுப்பான். தரை காய்ந்ததும் காயாததுமாகப் பந்து எழும்பத் தொடங்கும். அடுத்த மழை வருவதற்குள் அரை மணி நேரம் ஆடி விட வேண்டும் என்ற அவசரம்!

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் கூடைப்பந்து ஆட்டக்காரனின் நிலைமை இதுதான். கூரை போட்ட ஆடுகளம் கிடைப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். மற்றவர்களுக்கு வருண பகவான்தான் பயிற்சியாளர். அவர் விடுமுறை விட்டால்தான் ஆட்டம்.

ஆனால் மழைக்காலத்தில் ஒரு வேலை மட்டும் தடையின்றி நடக்கும். அது கணக்குப் போடும் வேலை. "இந்த வருஷம் நம்ம டீம் எப்படி? மாட்டுங்கா பசங்க எப்படி? யார் போனான், யார் வந்தான்?" செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே வடா பாவ் வண்டியருகே நின்றாலும் இதே பேச்சு. குர்லாவில் வண்டி மாறும்போதும் இதே பேச்சு.

இந்தக் கணக்கு பலிக்குமா? பருவம் தொடங்கும் முன்னே ஓர் அணியை எடை போட முடியுமா? இதைப் பார்க்கும் முன், ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை.

ஐந்து பேர் ஆட்டம்

கூடைப்பந்து ஐந்து பேர் ஆட்டம். அணியில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் களத்தில் நிற்பவர்கள் ஐந்தே பேர். ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர், அகலம் 15 மீட்டர். வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். பத்து நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். பந்து கைக்கு வந்தால் 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஐந்து ஃபவுல் செய்தவன் வெளியே போய்விட வேண்டியதுதான்.

கிரிக்கெட்டில் பதினொரு பேரில் ஒருவர் சோடை போனால் மற்றவர்கள் தாங்கி விடுவார்கள். இங்கே ஒருவர் சோடை போனால் அணியில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று! ஆகவேதான் "போனவன் யார்?" என்ற கேள்வி இந்த ஆட்டத்தில் அவ்வளவு பெரிதாக எழுகிறது.

எதிரிகள் யார்?

மும்பைப் பல்கலைக்கழகம் 1857-ல் தோன்றியது. அதன் எல்லை பெரிது, கல்லூரிகளும் ஏராளம். எல்லாரும் எல்லாருடனும் ஆடுவது நடக்காத காரியம். எனவே கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்து ஆட வைக்கிறார்கள். மண்டலங்களில் முன்னுக்கு வந்தவர்கள் பிறகு தங்களுக்குள் மோதுவார்கள். அந்த ஆட்டங்களைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள்.

அந்த அணி மேற்கு மண்டலப் போட்டிக்குப் போகும். மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் அங்கே காத்திருக்கும். முதல் நான்கு இடங்களில் ஒன்றைப் பிடித்தால் அகில இந்தியப் போட்டி. அங்கே வடக்கே பஞ்சாபிலிருந்து உயரமான ஆட்டக்காரர்கள் வருவார்கள். தெற்கே சென்னைப் பல்கலைக்கழகங்களிலிருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள். 2020-ல் ஒடிசாவில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் கூடைப்பந்து உண்டு.

ஆக, செம்பூரில் சாக்குப் போட்டுத் தரை துடைக்கும் மாணவனுக்கு முன்னே ஏணி நீண்டு கிடக்கிறது. முதல் படியே வழுக்கும் படி. மாட்டுங்காவிலும் சயானிலும் பழம் பெருமை வாய்ந்த கல்லூரிகள் இருக்கின்றன. 1937-ல் தொடங்கிய ருயா, கால்சா, பிறகு வந்த போதார், எஸ்.ஐ.இ.எஸ். என்று வரிசையாகச் சொல்லலாம். இந்தியன் ஜிம்கானாவின் ஆடுகளமும் மாட்டுங்காவில்தான். செம்பூரில் கல்லூரிப் படிப்பு பிந்தி வந்தது. விவேகானந்தா கல்விச் சங்கமே 1962-ல்தான் தோன்றியது. "நாம் பிந்தி வந்தவர்கள்" என்ற எண்ணம் செம்பூர்ப் பையன்களுக்கு ஒரு குறுகுறுப்பு. ஒரு வேகமும் கூட!

சமீப காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்திருக்கிறது. செம்பூருக்குப் பக்கத்தில் வித்யாவிகாரில் 2019-ல் சோமையா வித்யாவிகார் பல்கலைக்கழகம் தனியாகத் தோன்றியது. சர்ச்கேட் பக்கம் கே.சி., எச்.ஆர். கல்லூரிகள் 2020-ல் எச்.எஸ்.என்.சி. பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டன. நேற்றுவரை பங்காளிகளாக ஒரே கோப்பைக்கு மோதியவர்கள், இனி மேற்கு மண்டலத்தில் வேறு கொடியின் கீழ் எதிரே வரக்கூடும். கணக்குப் போடுகிறவர்களுக்கு இது புதுத் தலைவலி.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கல்லூரிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. 2024-ல் பெரிய கல்லூரிகள் பல கூட்டமைப்பு மாறிப் போனதில், "பேக் 12" என்ற பழைய கூட்டமைப்பில் இரண்டே கல்லூரிகள் மிஞ்சின. பன்னிரண்டு இரண்டாயிற்று!

போனவன் ஒருவன்தானே!

அமெரிக்காவில் பருவம் தொடங்கும் முன்னரே நிருபர்களும் பயிற்சியாளர்களும் ஓட்டுப் போட்டு, எந்த அணி எந்த இடம் என்று பட்டியல் வெளியிடுவார்கள். நம் ஊரில் குருப்பெயர்ச்சிப் பலன் வெளியாவது போல! படிப்பவர்களும் அதே ஆர்வத்தோடு படிப்பார்கள்.

2022-ஆம் ஆண்டு நார்த் கரோலினா பல்கலைக்கழகம் இறுதி ஆட்டம் வரை வந்து கான்சாசிடம் 72-69 என்ற கணக்கில் தோற்றது. மூன்றே புள்ளி! வழக்கமாகக் களத்தில் இறங்கும் ஐவரில் நால்வர் மறு ஆண்டும் திரும்பி வந்தனர். படிப்பை முடித்துப் போனவர் ஒரே ஒருவர். "இந்த ஆண்டு இவர்களை யார் அசைக்க முடியும்?" என்று எல்லாரும் பேசினார்கள். பட்டியலில் முதலிடமும் கொடுத்தார்கள்.

நடந்தது என்ன? 2023 மார்ச்சில் 68 கல்லூரிகளை அழைத்து நடக்கும் தேசியப் போட்டிக்கு நார்த் கரோலினாவுக்கு அழைப்பே வரவில்லை! 1985-ல் அந்தப் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடம் கணிக்கப்பட்ட அணிக்கு இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை.

அதே ஆண்டில் கோப்பையை வென்றது கனெக்டிகட். பருவத்துக்கு முந்திய பட்டியலின் 25 பெயர்களில் அதன் பெயரே கிடையாது. மார்க்கெட் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதன் கூட்டமைப்பில் 11 கல்லூரிகள். பயிற்சியாளர்களே சேர்ந்து அதற்கு ஒன்பதாம் இடம் என்று எழுதினார்கள். பருவ முடிவில் மார்க்கெட் முதலிடத்தில் நின்றது! ஆட்டத்தை அணு அணுவாக அறிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

கணக்கு எப்போதும் பொய்க்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் அமெரிக்காவின் என்.பி.ஏ. அணிகள் முதன்முதலாக இந்தியாவுக்கு வந்து ஆடின. இடம், நம் மும்பை வொர்லியில் உள்ள என்.எஸ்.சி.ஐ. அரங்கம். இந்தியானா பேசர்ஸ் அணியும் சேக்ரமெண்டோ கிங்ஸ் அணியும் மோதின. கிங்ஸ் அணியின் முதன்மை உரிமையாளரான விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். முதல் நாள் கூடுதல் நேரம் வரை சென்று பேசர்ஸ் 132-131 என்று வென்றது. மறுநாளும் அதற்கே வெற்றி. அவை பருவத்துக்கு முந்திய ஒத்திகை ஆட்டங்கள்தான். ஆனால் அந்தப் பருவ முடிவில் பேசர்ஸ் அடுத்த சுற்றுக்குப் போயிற்று, கிங்ஸ் போகவில்லை. ஒத்திகையே நாடகமாக முடிந்தது!

எனவே கணக்கைக் கேட்டுக் கொள்ளலாம். அதை நம்பித் தலையணையில் சாய்ந்துவிடக் கூடாது.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

பிறகு எதை வைத்துத்தான் ஓர் அணியை எடை போடுவது? ஆட்டத்தில் ஊறியவர்கள் நாலு விஷயம் பார்ப்பார்கள்.

முதலாவது, பந்தைக் கொண்டு செல்பவன் யார்? "பாயிண்ட் கார்டு" என்று சொல்லப்படும் இவன்தான் அணியின் டிரைவர். எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும் டிரைவர் புதியவன் என்றால் வண்டி நிதானமாகத்தான் போகும். போன ஆண்டின் பாயிண்ட் கார்டு இந்த ஆண்டும் இருக்கிறானா என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பவன் யார்? இதை "ரீபவுண்ட்" என்பார்கள். இதற்கு உயரம் வேண்டும். உயரத்தைவிட, முதுகைக் கொடுத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும் பிடிவாதம் வேண்டும். மாலை ஆறு மணி லோக்கல் ரெயிலில் குர்லாவில் ஏறி நின்று பழகியவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

மூன்றாவது, "ஃப்ரீ த்ரோ". எதிரி ஃபவுல் செய்தால் கிடைக்கும் இலவச எறி. தடுக்க ஆளில்லை, கூடையும் நகராது. ஆனாலும் கடைசி நிமிடத்தில் கை நடுங்கும். ஓரிரு புள்ளியில் தோற்ற அணிகளைக் கேட்டால், "நாலு ஃப்ரீ த்ரோவை விட்டுவிட்டோம்" என்றுதான் சொல்வார்கள். மழைக்காலத்தில் ஒற்றை வளையமும் பத்தடிக் காய்ந்த தரையும் இருந்தால் இதைப் பழகலாம். செப்டம்பரில் பழகியவன் நவம்பரில் பிழைப்பான்.

நான்காவது, பெஞ்சில் இருக்கும் ஏழு பேர். இளங்கலைப் படிப்பு பெரும்பாலும் மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் அணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆள் வெளியேறி விடுவான். இன்று பெஞ்சில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பவன் நாளை களத்தில் நிற்க வேண்டியவன். மும்பையில் பதினொன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் "ஜூனியர் காலேஜ்" என்று கல்லூரியிலேயே நடப்பதால் ஒரு வசதி உண்டு. பதினாறு வயதுப் பையன் பெரியவர்களோடு ஒரே வளையத்தில் எறிந்து பழகலாம். அந்தப் பையன்களைப் பார்த்தால் அணியின் மூன்று ஆண்டு எதிர்காலம் தெரிந்துவிடும்.

உயரம் ஒரு குறையா?

"நம் பிள்ளைகளுக்கு உயரம் பத்தாதே!" என்பது தமிழ்ப் பெற்றோர் வழக்கமாகச் சொல்வது. அதற்கு விடை மும்பையிலேயே, பைகுல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாக்பாடா!

நெருக்கமான சந்துகள், ஒண்டுக் குடித்தனங்கள். அங்கே நாக்பாடா நெய்பர்ஹுட் ஹவுஸ், மஸ்தான் ஒய்.எம்.சி.ஏ. ஆகிய ஆடுகளங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் எழுந்து வந்தார்கள். இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அப்பாஸ் முந்தசிர் நாக்பாடாவில் வளர்ந்தவர்தான். 1970-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. உயரம் பத்தாத இடத்தில் வேகமும் தந்திரமும் கைகொடுத்தன. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!

1975-ல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆண்கள் அணி ஆடியது. பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் கிடைத்த இடம் அது. ஒரு பந்தயத்திலும் வெற்றி இல்லை. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாம் இடம். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த வாசலை இந்தியா மிதிக்கவில்லை. தோற்றவர்கள் என்று யாராவது சிரித்தால், "அங்கே போனவர்கள் அவர்கள் மட்டும்தான்" என்பதே பதில்.

தமிழர்களுக்கு இந்த ஆட்டம் அந்நியமும் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக்கூடைகளை மாட்டி நைஸ்மித் என்ற ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம் இது. அவர் வேலை பார்த்தது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ.யின் ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். கோவை பி.எஸ்.ஜி. கோப்பைக்கும் பெரியகுளம் கோடைப் போட்டிக்கும் நாட்டின் பல பாகங்களிலிருந்து அணிகள் வருகின்றன. மே மாதம் தேனிப் பக்கம் ஊருக்குப் போகும் மும்பைக் குடும்பங்கள், திருவிழா பார்ப்பது போல் பெரியகுளத்து ஆட்டத்தைப் பார்க்கலாம்.

அனிதா பால்துரையை எடுத்துக் கொள்வோம். சென்னைப் பெண். பத்தொன்பது வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவியானவர். தெற்கு ரெயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பந்து அவருக்குச் சம்பளமும் கொடுத்தது, சபையில் இடமும் கொடுத்தது.

வீட்டில் நடக்கும் பந்தயம்

ஆனால் செம்பூர் மாணவனின் மிகக் கடினமான பந்தயம் மைதானத்தில் நடப்பதில்லை. வீட்டில் நடக்கிறது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பல, சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அணுசக்தி நிலையம் என்று வேலை தேடி வந்தவை. சில, மாட்டுங்காவில் இடம் பத்தாமல் செம்பூருக்குக் குடிபெயர்ந்தவை. படிப்பால் முன்னுக்கு வந்தவர்கள். "படிச்சாத்தான்டா சோறு. பந்து சோறு போடுமா?" என்று அப்பா கேட்டால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் அவர் பட்ட பாடு இருக்கிறது.

பருவமும் சரியான நேரத்தில் வருவதில்லை. மழை விட்டுத் தரை காயும் அக்டோபர், நவம்பரில்தான் செமஸ்டர் தேர்வும் வந்து நிற்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். பெண் பிள்ளைகள் என்றால், "பிராக்டீஸ் முடிஞ்சு ஏழரை மணிக்கு ஹார்பர் லைன்ல தனியா வரியா?" என்ற அம்மாவின் கவலை வேறு. பல நல்ல அணிகள் எதிரியிடம் தோற்பதில்லை. தேர்வுக்கு முந்திய வாரம் இரண்டு ஆட்டக்காரர்களை வீட்டிலேயே இருத்தி வைப்பதால் தோற்கின்றன. எந்தப் பட்டியலும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெற்றோருக்கு இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முன்னணி இடம் பெற்றவர்கள், விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் ரெயில்வே வேலைக்கு மனுச் செய்ய வழி இருக்கிறது. வேறு சில அரசு நிறுவனங்களும் இப்படி ஆள் எடுப்பதுண்டு. ஆனால் அந்த வாசல் குறுகலானது. மண்டலத்தில் ஆடுகிறவர்களில் மிகச் சிலர்தான் அதுவரை போவார்கள். பந்தை மட்டும் நம்பிப் படிப்பை விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. படிப்பை மட்டும் நம்பிப் பந்தைப் பிடுங்கி எறிவதும் அப்படித்தான்.

நடுவழி ஒன்று உண்டு. பருவம் தொடங்கும் முன்னரே, மழைக்காலத்திலேயே, தேர்வுத் தேதியையும் ஆட்டத் தேதியையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்பது. எந்த வாரம் புத்தகம், எந்த வாரம் பந்து என்று அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடிப்பது. டைம்டேபிள் இல்லாமல் எந்த வண்டியும் ஓடாது. மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு இது கடைசிப் பருவம். அடுத்த ஆண்டு அவன் ஏதோ ஓர் ஆபீசில் இருப்பான். கூடைப்பந்து அவனுக்காகக் காத்திருக்காது.

எதிர்பார்ப்பு என்ன?

ஆக, இந்தப் பருவத்தில் செம்பூரிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

கோப்பை வரும் என்று எழுதி வைப்பது நார்த் கரோலினாவுக்குப் போட்ட கணக்கைப் போன்றது. வராது என்று எழுதி வைப்பது மார்க்கெட்டுக்குப் போட்ட கணக்கைப் போன்றது. ஆனால் ஒன்றை நிச்சயமாகச் சொல்லலாம். மழையில் சாக்குப் போட்டுத் தரை துடைத்தவர்கள், அக்டோபர் வெயிலில் மட்டும் ஆட வருகிறவர்களைவிட ஒரு படி முன்னே நிற்பார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை விட்டதும் ஒரு மாலை, செட்டா நகர் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பும் வழியிலாவது, பக்கத்தில் உள்ள கல்லூரி மைதானத்தை எட்டிப் பாருங்கள். கல்லூரி ஆட்டங்களுக்கு அநேகமாக டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. அதுதான் குறை. ஃப்ரீ த்ரோ போட நிற்கும் பையன் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்ப்பான். அங்கே தன் அப்பா நிற்பது தெரிந்தால் அவன் கை நடுங்கினாலும் நடுங்கும். பரவாயில்லை. அந்தப் பந்து விழுந்தாலும் விழாவிட்டாலும், வீட்டுக்குப் போகும் வழியில் இருவருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்.